தோற்ற மீன் எங்கே போகும்?

சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகளில் ஆஸ்கர் குஞ்சு விரல் நீளம்தான் இருக்கும். கறுத்த உடம்பு, அதில் செம்மஞ்சள் கோடுகள், ஆளைக் கண்டதும் திரும்பும் உருண்டைக் கண்கள். ஜோடியாக இருக்கட்டும் என்று இரண்டு ஆஸ்கர், கூடவே நாலு கோல்டுஃபிஷ், பாசி தின்ன ஒரு டேங்க் கிளீனர் என்று வாங்கிப்போய், வீட்டிலிருக்கும் இரண்டடித் தொட்டியில் விடுகிறவர்கள் அநேகம். ஓராண்டு கழித்துப் பார்த்தால் சாண் நீளத்தைத் தாண்டிய ஒரே ஒரு ஆஸ்கர் திரும்ப இடமில்லாமல் நின்றுகொண்டிருக்கும். மற்றதெல்லாம் எங்கே என்று கேட்டால், "எல்லாத்தையும் அடிச்சுக் கொன்னுடுச்சு சார், ராட்சச மீன்" என்று பதில் வரும்.

இந்தப் பழியில் பாதிதான் நியாயம். அமேசான் வடிநிலத்தில் இதே ஆஸ்கர் எத்தனையோ மீனினங்களோடு ஒரே நீரில்தான் வாழ்கிறது. வேட்டையாடுகிறது, துரத்துகிறது, துரத்தப்படுகிறது. ஆனால் சுற்றியிருக்கும் எல்லாவற்றையும் தீர்த்துக்கட்டிவிட்டுத் தனியே நிற்பதில்லை. அங்கே நடக்காத கொலை வரவேற்பறைத் தொட்டியில் ஏன் நடக்கிறது? இதற்கு விடை தெரிந்தால், வேட்டைக் குணமுள்ள மீனோடு எதைச் சேர்க்கலாம், எதைச் சேர்க்கவே கூடாது என்பதும் பிடிபட்டுவிடும்.

ஆஸ்கர், ஃப்ளவர்ஹார்ன், ஜாகுவார், ரெட் டெவில், அமெரிக்கக் குத்துச்சண்டை வீரரின் பெயரைச் சுமக்கும் ஜாக் டெம்ப்சி ஆகிய எல்லாம் சிக்லிட் என்ற பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை. இதுவரை பெயரிடப்பட்டவை மட்டும் 1,700 இனங்களுக்கு மேல். ஆப்பிரிக்காவிலும் தென், மத்திய அமெரிக்காவிலும்தான் இவை பெருவாரியாக இருக்கின்றன என்றாலும் நமக்கும் அந்நியமானவை அல்ல. கேரளத்தின் மாநில மீனான கரிமீன் ஒரு சிக்லிட். 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, இன்று ஏரி, குளம், கண்மாய் என்று எங்கும் பரவிவிட்ட ஜிலேபி கெண்டையும் சிக்லிட்தான்.

இந்தக் குடும்பத்துக்கு இரண்டு சிறப்புகள். ஒன்று, வாயில் இருக்கும் தாடை போதாதென்று தொண்டைக்குள் இன்னொரு தாடை. வாய்த்தாடை இரையைப் பிடிக்கும். தொண்டைத்தாடை அதை நசுக்கி, அரைத்து உள்ளே தள்ளும். மற்றொன்று, பிள்ளை வளர்ப்பு. பெரும்பாலான மீன்கள் முட்டையிட்டதோடு கடமை முடிந்தது என்று போய்விடும். சிக்லிட்டுகள் முட்டைக்கு விசிறிக் காற்றூட்டி, குஞ்சுகளை வாரக்கணக்கில் மேய்த்துக் காவல் காக்கும். சில இனங்கள் முட்டையை வாய்க்குள்ளேயே வைத்து அடைகாக்கும். காவலுக்கு இடம் வேண்டும். இடத்தைக் காக்கச் சண்டை வேண்டும். நாம் மூர்க்கம் என்று நினைப்பதில் பெரும்பகுதி பெற்றோர் குணத்தின் மறுபக்கம்.

தொட்டியில் நடக்கும் சாவுகளுக்குக் காரணம் மூன்று: பசி, இடம், பதவி. மூன்றும் வெவ்வேறு; மூன்றுக்கும் மருந்தும் வெவ்வேறு.

பசி: வாய்க்குள் நுழைந்தால் உணவு

ஆஸ்கர் வேட்டையாடுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தால் அதில் கோபத்தின் சாயலே இருக்காது. உடம்பை அசைக்காமல், மார்புத் துடுப்புகளை மட்டும் மெல்ல விசிறிக்கொண்டு இரையை நெருங்கும். நெருங்கியதும் ஒரு கணம் நிற்கும். பிறகு வாய் திறக்கிறது, தொண்டையின் அடித்தளம் கீழே இறங்குகிறது, செவுள் மூடிகள் விரிகின்றன. வாய்க்குள் திடீரென்று இடம் பெருகுவதால் வெளியே இருக்கும் நீர் உள்ளே பாய்கிறது. நீரோடு சேர்ந்து இரையும் போய்விடுகிறது. நாம் கண்ணை ஒரு முறை இமைத்து முடிப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். ஜாகுவார் சிக்லிட்டும், பீகாக் பாஸ் என்ற இன்னொரு வேட்டைச் சிக்லிட்டும் கையாள்வது இதே உறிஞ்சும் முறைதான். மலாவி ஏரியின் லிவிங்ஸ்டோனி இன்னும் ஒரு படி மேலே போய், செத்த மீன்போல மணலில் ஒருக்களித்துக் கிடந்து, பிணம் தின்ன வரும் சின்ன மீன்களைப் பிடிக்கும்.

ஆகவே வேட்டை மீனுக்குத் துணை தேடும்போது முதல் கேள்வி குணம் பற்றியதல்ல, அளவு பற்றியது. அந்த மீன் இதன் வாய்க்குள் நுழையுமா? இன்றைக்கு நுழையாது என்பது விடையாகாது. சிக்லிட் முழுதாக வளர்ந்தபின் நுழையுமா என்று பார்க்க வேண்டும். ஆஸ்கர் தொட்டியில் சுமார் 30 செ.மீ. வளரும்; ஆண் ஜாகுவார் 40 செ.மீ. தொடும். துணை மீன் சிக்லிட்டின் நீளத்தில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்காவது இருக்க வேண்டும் என்பது பாதுகாப்பான கணக்கு. நீளத்தைவிட உடம்பின் உயரம் இன்னும் முக்கியம். வட்டத் தட்டுபோல இருக்கும் சில்வர் டாலரை விழுங்குவது கடினம். அதே நீளமுள்ள ஒல்லி மீனை நூல் இழுப்பதுபோல இழுத்துவிடும்.

டேங்க் கிளீனர் விஷயத்தில் இன்னொரு ஆபத்து உண்டு. அதன் உடம்பு முழுக்கக் கவசத் தட்டுகள். மிரண்டால் துடுப்பு முட்களை விறைத்துப் பூட்டிக்கொள்ளும். சின்னக் கிளீனரை விழுங்கப் போன ஆஸ்கரின் தொண்டையில் அந்த முட்கள் மாட்டினால் விழுங்கவும் முடியாது, துப்பவும் முடியாது. இரண்டு மீனும் சேர்ந்து சாகும். கிளீனர் வேண்டுமென்றால் ஆஸ்கரின் அளவுக்குக் குறையாததாக வாங்க வேண்டும். அதுவும் ஓர் அடிக்கு மேல் வளரும் மீன் என்பதை மறக்கக் கூடாது.

வயிறு நிறைய உயிர்மீன் போட்டால் துணை மீனை விட்டுவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். நடப்பது வேறு. இரை மீனோடு வெண்புள்ளி நோயும் ஒட்டுண்ணிகளும் இலவசமாக வந்து சேரும். கோல்டுஃபிஷின் உடலில் வைட்டமின் பி1-ஐச் சிதைக்கும் தயாமினேஸ் என்ற நொதி இருக்கிறது. அதையே தொடர்ந்து தின்னும் மீன் நரம்புக் கோளாறால் அவதிப்படும். கோழி, மாட்டிறைச்சிக் கொழுப்பும் மீனின் ஈரலுக்கு ஒத்துவராது. நல்ல பெல்லட், இடையிடையே இறால், மண்புழு போதும். இயற்கையில் ஆஸ்கர் பூச்சி, இறால் வகைகள், சிறு மீன்களோடு பழங்களையும் தின்கிறது.

இடம்: வேலி போட்ட நீர்

மத்திய அமெரிக்காவின் நிகராகுவாவில் ஹிலோவா என்றொரு எரிமலை ஏரி. சிக்லிட்டுகளின் நிலச் சண்டைகளை நீருக்கடியில் கண்டு எழுத ஏற்ற இடம். இனப்பெருக்கக் காலத்தில் பாறைப் பொந்துகளுக்குப் பெரும் போட்டி. ஒவ்வொரு ஜோடியும் பொந்தைச் சுற்றிச் சில அடி நீரைத் தன்னுடையது என்று பிடித்துக்கொள்ளும். எல்லையைத் தாண்டி வருகிற மீனை ஒரு பாய்ச்சல் பாய்ந்து விரட்டும். விரட்டப்பட்ட மீன் எல்லைக்கு வெளியே போனதும் விரட்டியது திரும்பிவிடும். குஞ்சுகளை விட்டுவிட்டு நெடுந்தூரம் துரத்திப் போவது அதற்கே நஷ்டம். அந்த இடைவெளியில் வேறொன்று வந்து குஞ்சுகளைத் தின்றுவிடும்.

இதே ஏரியில் கென்னத் மெக்கே என்ற ஆய்வாளர் 1977-ல் வெளியிட்ட ஆய்வு மீன் உலகத்தையே வியக்க வைத்தது. டோவி என்பது பெரிய வேட்டைச் சிக்லிட். அதன் குஞ்சுகளுக்கு நிகராகுவென்சிஸ் என்ற சாதுவான சிக்லிட்டின் ஆண்கள் காவல் நின்றன! பிறர் பிள்ளைக்கு, அதுவும் வேட்டைக்காரனின் பிள்ளைக்கு, ஏன் காவல்? நிகராகுவென்சிஸுக்குப் பொந்துப் போட்டியாளன் இன்னொரு சிறு சிக்லிட். அந்தப் போட்டியாளனைத் தின்பது டோவி. டோவியின் வாரிசு பிழைத்தால் தன் போட்டி குறையும் என்பது மெக்கே தந்த விளக்கம். இயற்கையில் வேட்டை மீனுக்கு அண்டை வீட்டுக்காரர்கள் உண்டு. கொடுக்கல் வாங்கலுக்கு இடம் இருக்கும்வரை அந்த ஊர் நடக்கும்.

தொட்டியில் இல்லாதது அந்த வெளிதான். இரண்டடித் தொட்டி என்பது ஏறக்குறைய 57 லிட்டர். நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் சுமார் 255 லிட்டர். ஏரியில் ஒரு ஜோடி பிடித்துவைக்கும் எல்லைக்குள்ளேயே நம் தொட்டி முழுவதும் அடங்கிவிடும். தோற்ற மீன் ஓடத்தான் பார்க்கிறது. நாலு பக்கமும் கண்ணாடி. ஜெயித்த மீனுக்கோ, "இவ்வளவு விரட்டியும் இவன் போகவில்லையே" என்ற நிலை. விரட்டுவதை நிறுத்தச் சொல்லும் அடையாளம், அதாவது எதிரி கண்ணிலிருந்து மறைவது, ஒருபோதும் வருவதில்லை. விரட்டல் தொடர்கிறது. காயத்தால் மட்டுமல்ல, இடைவிடாத பதற்றத்தால் நோய் எதிர்ப்புக் குறைந்து, தின்னாமல், பூஞ்சை படிந்தும் தோற்ற மீன் சாகிறது.

தொட்டியை எவ்வளவு பெரிதாக்கினால் சண்டை குறையும்? அமெரிக்காவின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொனால்ட் ஓல்ட்ஃபீல்ட் மைடஸ் சிக்லிட்டை வைத்து இதைச் சோதித்து 2011-ல் எழுதினார். வீடுகளில் வழக்கமாக இருக்கும் அளவுகளுக்குள் தொட்டியைக் கொஞ்சம் பெரிதாக்கியோ, மீன்களின் எண்ணிக்கையை மாற்றியோ பார்த்ததில் மூர்க்கம் குறையவில்லை. நல்ல பெரிய தொட்டியாகவும், உள்ளே மறைவிடங்கள் நிறைந்ததாகவும் இருந்தபோதுதான் குறைந்தது. இரண்டடியிலிருந்து இரண்டரை அடிக்கு மாறுவதால் பலன் இல்லை என்பது இதன் பாடம்.

பதவி: முடிவாகும் வழக்கு

சிக்லிட் சண்டைக்கு ஒரு நடைமுறை இருக்கிறது. முதலில் இரண்டும் பக்கவாட்டில் நின்று துடுப்புகளை விரித்து உடம்பைப் பெரிதாகக் காட்டும். பிறகு வாலால் நீரை அடித்து எதிரியின் பக்கம் தள்ளும். அந்த அலையின் வேகம் பலத்தைச் சொல்லிவிடும். அடுத்து நேருக்கு நேர் செவுளை விரித்து மிரட்டல். அப்போதும் முடிவாகாவிட்டால் வாயோடு வாய் கவ்வி, மல்லுக்கட்டுபோல ஒன்றையொன்று தள்ளும். ஸ்வீடனின் மாக்னஸ் என்க்விஸ்ட் குழுவினர் நன்னகாரா என்ற சிறு சிக்லிட்டை வைத்து இதை அளந்து பார்த்தார்கள். அளவில் பெரிய வித்தியாசம் இருந்தால் முதல் கட்டத்திலேயே ஒன்று விலகிவிடுகிறது. சமபலமாக இருந்தால்தான் சண்டை நீண்டு, ஆபத்தான கட்டத்துக்குப் போகிறது. ஒரே அளவில் இரண்டு ஆண் மீன்களைத் தேடிப்பிடித்துச் சேர்ப்பது ஏன் தவறு என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

வேடிக்கை பார்க்கும் மீனும் சும்மா இருப்பதில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ரஸல் ஃபெர்னால்ட் குழு பர்டோனி என்ற ஆப்பிரிக்கச் சிக்லிட்டை வைத்துச் செய்த சோதனை 2007-ல் 'நேச்சர்' இதழில் வந்தது. முதல் மீன் இரண்டாவதை வெல்வதையும், இரண்டாவது மூன்றாவதை வெல்வதையும், இப்படியே ஐந்து வரை நடக்கும் சண்டைகளையும் ஒரு மீன் கண்ணாடி வழியே பார்க்கிறது. பிறகு, தங்களுக்குள் மோதியே இராத இரண்டாவதையும் நான்காவதையும் அதன் முன் வைத்தால், பலவீனமான நான்காவதன் பக்கம் போய் நிற்கிறது. இவன் அவனுக்குத் தோற்றவன், அவன் இன்னொருவனுக்குத் தோற்றவன் என்று கணக்குப் போடத் தெரிந்த மீன் அது.

அடாவடி மீனை எடுத்துவிட்டால் தொட்டி அமைதியாகிவிடும் என்ற எண்ணமும் இங்கேதான் அடிபடுகிறது. பர்டோனியில் தலைமை ஆணை எடுத்ததும், அதுவரை வெளிறிப்போய் ஒதுங்கியிருந்த ஆண் சில நிமிடங்களில் நிறம் மாறி, கண்ணோரம் கறுப்புக் கோடு இட்டுக்கொண்டு தலைவனாகிவிடுகிறது. நாற்காலி காலியானால் அடுத்தவன் உட்காருவான்.

நீரிலும் செய்தி இருக்கிறது. ஜிலேபி கெண்டையின் தலைமை ஆண் சிறுநீரைச் சேமித்துவைத்து, எதிரியை மிரட்டும்போது வெளியேற்றும். அதிலுள்ள வேதிப்பொருள்களே "நான் யார் தெரியுமா" என்று அறிவிக்கும். தொட்டி நீரை ஒரேயடியாக மாற்றினால் இந்த அறிவிப்புகளும் கழுவப்பட்டு, முடிந்த வழக்கு மறுபடி விசாரணைக்கு வரலாம். ஏஞ்சல் மீன்களில் நீரை அதிகமாக மாற்றியபின் சண்டை கூடுவதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

யாரைச் சேர்க்கலாம்?

முதலில் மீனின் சுபாவத்தை எடைபோட வேண்டும். பெரிய சிக்லிட்டுகளில் ஆஸ்கர் ஒப்பீட்டளவில் சாது. பெருந்தீனிக்காரனே தவிரச் சண்டைக்காரன் அல்ல. கிரீன் டெரர், டெக்சாஸ், ஜாக் டெம்ப்சி நடுத்தரம். ரெட் டெவில், ஜாகுவார், டோவி கடைசிக் கோடி. 1990-களில் மலேசியாவில் கலப்பினமாக உருவாக்கப்பட்ட ஃப்ளவர்ஹார்ன் கண்ணாடியில் தெரியும் தன் பிம்பத்தையும், துடைக்கும் விரலையும்கூடத் தாக்கும். நம் வீடுகளில் வாஸ்துவுக்காக வாங்கப்படும் அந்த மீனுக்குத் துணையே தேவையில்லை.

துணை மீன் நிறத்திலும் உருவத்திலும் சிக்லிட்டிலிருந்து மாறுபட்டிருக்க வேண்டும். தன்னைப் போலவே இருப்பதைத்தான் மீன் முதலில் போட்டியாளனாகப் பார்க்கிறது. நீரின் மட்டமும் வேறாக இருப்பது நல்லது. அடியில் பெரிய கிளீனர், நடுவில் ஆஸ்கர், அதற்கு மேலே ஐந்தாறு சில்வர் டாலர் கொண்ட கூட்டம். இது பலகாலம் தாக்குப்பிடித்த ஏற்பாடு. கூட்டமாக நிதானத்தோடு நீந்தும் மீன்களைப் பார்த்தால் மிரண்ட சிக்லிட்டுக்கும் "வெளியே ஆபத்தில்லை" என்ற தைரியம் வரும். ஆனால் இந்தக் கூட்டுக்குடித்தனத்துக்கு ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம், அதாவது சுமார் 680 லிட்டர் தொட்டி வேண்டும். நான்கடித் தொட்டி ஒற்றை ஆஸ்கருக்குத்தான் சரி.

மலாவி ஏரியின் பாறைச் சிக்லிட்டுகளை நெருக்கமாக நிறைய விட்டு, அடி ஒரே மீன் மேல் விழாமல் பரப்பிவிடும் உத்தி உண்டு. விரல் நீள மீன்களுக்கு அது பலிக்கும். ஓரடி வளரும் வேட்டை மீன்களில் அதைச் செய்தால் சண்டைக்கு முன்னால் தண்ணீரே கெட்டுவிடும்.

ஜோடி சேர்ந்துவிட்டால் கணக்கு மாறும். முட்டையிட்ட ஜோடி நான்கடித் தொட்டியில் மற்ற எல்லாவற்றையும் ஒரு மூலைக்குத் தள்ளிவிடும். அதற்காக மற்ற மீன்களை அடியோடு எடுத்துவிட்டாலும் சிக்கல். விலங்கு நடத்தை ஆய்வுக்காக 1973-ல் நோபல் பரிசு பெற்ற கான்ராட் லோரென்ஸ், கண்ணாடித் தடுப்புக்கு இருபுறமும் வளர்ந்த சிக்லிட் ஜோடிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். கண்ணாடியில் பாசி படர்ந்து அடுத்த ஜோடி தெரியாமல் போனதும் ஆண் மீன் தன் பெண்ணையே தாக்கத் தொடங்கியது. பாசியைத் துடைத்ததும் கோபம் மறுபடி எதிர்வீட்டுக்குப் போனது. சினம் உள்ளே தேங்கித் தேங்கி வெடிக்கிறது என்று அவர் சொன்ன கோட்பாட்டைப் பின்வந்தவர்கள் ஏற்கவில்லை. ஆனால் தனித்துவிடப்பட்ட ஜோடியில் பெண் அடிபட்டுச் சாவது வளர்ப்போர் அறிந்ததே. பெரிய துளைகள் கொண்ட பிளாஸ்டிக் தடுப்பை நடுவில் வைத்து, பெண்ணுக்கு மட்டும் நுழைய வழிவிடுவது அதற்குப் பரிகாரம்.

புது மீனை விடும் நாளில் கொஞ்சம் ஏற்பாடு தேவை. ஏற்கெனவே இருக்கும் மீனுக்கு 'இது என் வீடு' என்ற பலம் அதிகம். முதலில் கல், மரக்கட்டை, மண்பானைகளையெல்லாம் இடம் மாற்றுங்கள். பழைய எல்லைகள் அழிந்து, எல்லாருமே புதியவர்கள் ஆவார்கள். விளக்கை அணைத்துவிட்டு, பழைய மீனுக்கு வயிறார உணவு போட்டு, அதன்பின் விடுங்கள். தொட்டியின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி தெரியாதபடி கற்களை அடுக்குங்கள். சிக்லிட் மணலைத் தோண்டும். கற்கள் மணல் மேல் நிற்காமல் அடிப்பலகையில் ஊன்றி நிற்கட்டும். இல்லாவிட்டால் சரிந்து கண்ணாடியே விரிசல் விடும்.

அதன்பின் ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். நிறம் வெளிறி, துடுப்பை ஒடுக்கிக்கொண்டு, ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் மேல்மூலையில் தொங்கும் மீன் தோற்றுப்போன மீன். பழகிவிடும் என்று காத்திருக்காமல் அன்றே எடுத்துவிட வேண்டும். மாற்றுத் தொட்டி இல்லாதவர் வேட்டை மீனுக்குத் துணை தேடவே கூடாது.

தண்ணீரை மறந்தால் இத்தனையும் வீண். புரதம் மிகுந்த தீனி தின்னும் மீன் அதற்கேற்ப அம்மோனியாவைச் செவுள் வழியே வெளியேற்றும். அதை நைட்ரைட்டாகவும், பின் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஃபில்டரில் குடியேற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். ஃபில்டர் ஓடத் தொடங்கிய மறுநாளே மீனை விடுவது நஞ்சில் விடுவதற்குச் சமம். பெரிய ஃபில்டர், வாரம் ஒரு முறை நீரில் கால் பங்கு மாற்றம், குளோரின் நீக்கி ஆகியவை கட்டாயம். நம் ஊர்க் கோடையில் இன்னொரு கவலையும் சேர்கிறது. 25 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 8.3 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரையும். 30 டிகிரியில் அது 7.6-ஆகக் குறையும். அதே சூட்டில் மீனின் தேவையோ கூடும். மின்வெட்டுக்கு பேட்டரி காற்றுப்பம்பு கையில் இருக்கட்டும்.

வளர்க்க முடியாமல் போனால் கடைக்கோ, பெரிய தொட்டி வைத்திருப்பவருக்கோ கொடுத்துவிடுங்கள். ஏரியில் விடாதீர்கள். பனாமாவின் காட்டூன் ஏரிக்குள் 1960-களின் பிற்பகுதியில் நுழைந்த பீகாக் பாஸ் சில ஆண்டுகளில் உள்ளூர் மீன்கள் பலவற்றை ஏறக்குறையத் துடைத்தெறிந்துவிட்டது. தொட்டிகளிலிருந்து தப்பிய டேங்க் கிளீனர் தமிழ்நாட்டு நீர்நிலைகளில் மீனவர் வலைகளைக் கிழித்துக்கொண்டிருப்பதை இன்றே காணலாம்.

என் முடிவு இதுதான்: நான்கடித் தொட்டி இருந்தால் ஒரே ஒரு ஆஸ்கரை வாங்கி நன்றாக வளர்க்கலாம். ஆறடித் தொட்டியும் மாற்றுத் தொட்டியும் இருந்தால் துணை சேர்க்கலாம். ஃப்ளவர்ஹார்னையும் ஜாகுவாரையும் தனியே விட்டுவிடுவதே அவற்றுக்கும் மற்ற மீன்களுக்கும் செய்யும் உபகாரம். ஆஸ்கர் பத்தாண்டுகளுக்கு மேல் வாழக்கூடிய மீன். கடையில் விலையைக் கேட்பதற்கு முன்னால், "இது எவ்வளவு பெரிசாகும்?" என்று கேளுங்கள்.